இனிப்பு பன் மாவு மட்டும் பொங்க மாட்டேங்குது, ஈஸ்டுக்கு உள்ளே என்னதான் நடக்குது?

தக்கலை_பன்

எல்லாருக்கும் வணக்கம். தக்கலை பக்கத்தில் வீட்டோடு சேர்த்து சின்ன அளவில் பேக்கரி வேலை செய்கிறேன். தினமும் ரொட்டி, அப்புறம் கிறிஸ்துமஸ், கோயில் திருவிழா, கல்யாண வீடு என்று ஆர்டர் வந்தால் இனிப்பு பன். சாதா ரொட்டி மாவில் ஒரு பிரச்சினையும் இல்லை, பிசைந்து மூடி வைத்தால் ஒன்றரை மணி நேரத்தில் பாத்திரம் நிறைந்து நிற்கும். அதே பாக்கெட் ஈஸ்ட், அதே மைதா, அதே கிணற்றுத் தண்ணீர்தான் பன்னுக்கும், ஆனால் பன் மாவு வைத்த இடத்திலேயே அப்படியே கிடக்கிறது. ராத்திரி வரை காத்திருந்தால் கொஞ்சம் எழும்புகிறது, அதற்குள் ஒரு புளிப்பு வாடை வந்துவிடுகிறது.

என் அளவு: மைதா ஒரு கிலோ, சர்க்கரை 200 கிராம், உப்பு 20 கிராம், தண்ணீர் அரை லிட்டர், ஈஸ்ட் 10 கிராம், கடைசியில் வெண்ணெய். சர்க்கரை ஈஸ்டுக்குச் சாப்பாடு என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள்? சாப்பாடு கூடினால் வேகமும் கூடத்தானே வேண்டும்? ஈஸ்ட் வாங்குகிற கடையில் கேட்டால் பழைய ஈஸ்டாக இருக்கும் என்று கையை விரிக்கிறார்கள், பழசு என்றால் ரொட்டி மட்டும் எப்படி வருகிறது? பிளஸ் டூவில் பயாலஜி படித்தவள்தான், அதனால் வழி மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல் உள்ளே என்ன நடக்கிறது என்றும் யாராவது சொன்னால் நல்லது.

நாரோயில்_மாஸ்டர்

தங்கச்சி, ஈஸ்ட் மேல் தப்பு இல்லை. உப்பைப் பாதியாக்கு. மாவில் பத்துக்கு ஒன்று என்ற கணக்குக்கு மேல் சர்க்கரை போகிறதென்றால் இனிப்பு மாவுக்கென்றே தனி ஈஸ்ட் இருக்கிறது, பெரும்பாலும் தங்க நிறப் பாக்கெட்டில் வரும், பேக்கரி சாமான் மொத்தக் கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். அது கிடைக்கவில்லை என்றால் முதலில் பாதி மைதாவில் தண்ணீரும் ஈஸ்டும் மட்டும் போட்டு ஸ்பாஞ்ச் வைத்து, அது பொங்கின பிறகு மீதி மாவு, சர்க்கரை, உப்பு, வெண்ணெய் சேர். அந்தக் காலத்தில் நாங்கள் எல்லாம் அப்படித்தான் செய்தோம். ஏன் அப்படி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, படித்த பிள்ளைகள் யாராவது சொல்லுங்கள்.

குழித்துறையான்

மாஸ்டர் அண்ணாச்சி சொன்ன மூன்றும் சரி. ஏன் என்பதை நான் சொல்கிறேன், ஈஸ்ட்தான் என் ஆராய்ச்சிப் பாடம், அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, சர்க்கரை சாப்பாடு என்பது உண்மைதான், ஆனால் அது கரைந்து நிற்கும்போது தண்ணீரையும் பிடித்து இழுக்கும். உப்பு போட்ட மாங்காய் நீர் விடுவதைப் பார்த்திருப்பீர்கள், ஈஸ்ட் செல்லுக்கும் உங்கள் மாவுக்குள் அதுதான் நடக்கிறது. வெளியே கரைபொருள் அதிகம், உள்ளே குறைவு, தண்ணீர் சவ்வு வழியாக வெளியேறி செல் சில நொடிகளில் சுருங்கிவிடும். சாகாது, ஆனால் வேலை நிற்கும்.

உங்கள் அளவையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 கிராம் சர்க்கரையை அதன் மூலக்கூறு எடையான 342ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.58 மோல் (மோல் என்பது துகள்களை எண்ணும் அளவு). 20 கிராம் உப்பு 0.34 மோல், ஆனால் அது கரைந்ததும் சோடியம், குளோரைடு என்று இரண்டாகப் பிரியும், ஆக 0.68. அதாவது ஒரு பிடி உப்பு அந்த 200 கிராம் சர்க்கரையைவிடக் கூடுதலாகத் தண்ணீரை இழுக்கிறது. எடைக்கு எடை பார்த்தால் உப்பு கிட்டத்தட்ட 12 மடங்கு. மாஸ்டர் முதல் வார்த்தையாக உப்பைக் குறைக்கச் சொன்னது இதனால்தான். இரண்டையும் கூட்டி அரை லிட்டர் தண்ணீரில் கரைத்தால் லிட்டருக்கு 2.5 மோல் துகள் வரும். குளச்சல் கடல் தண்ணீருக்கு இதே கணக்குப் போட்டால் ஒன்றுக்குச் சற்று மேலே வரும். சாதா ரொட்டி மாவு ஏறக்குறைய கடல் தண்ணீர் அளவு, ஈஸ்ட் அதைச் சமாளிக்கும். பன் மாவு கடலைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

இதோடு முடியவில்லை. ஈஸ்ட் தன் செல் சுவரோரத்தில் இன்வர்டேஸ் என்ற நொதியை வைத்திருக்கிறது. நாம் போடும் சர்க்கரையை அது வெளியிலேயே குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று உடைத்துவிடும். ஒரு மூலக்கூறு இரண்டாகிறது, 0.58 என்பது 1.17 ஆகிறது, மொத்தம் லிட்டருக்கு 3.7ஐத் தொடும். தன் சாப்பாட்டைத் தானே அரைத்துத் தன் கழுத்தைத் தானே இறுக்கிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்க நிறப் பாக்கெட்டில் வரும் ஈஸ்ட் வகைகளில் இந்த இன்வர்டேஸ் வேகம் குறைவு, அதன் ரகசியத்தில் பாதி அதுதான். அதே காரணத்தால் சாதா ரொட்டியில் அது கொஞ்சம் மந்தமாக இருக்கும், எல்லாவற்றுக்கும் அதையே வாங்கிப் போடாதீர்கள்.

மீதிப் பாதி கிளிசரால். சுருங்கிய செல் பிழைக்க ஒரே வழி, தன் உள்ளேயும் கரைபொருளைக் கூட்டுவது. உப்பை உள்ளே ஏற்றினால் அதன் நொதிகளே கெட்டுவிடும், அதனால் உடம்புக்குக் கேடு செய்யாத ஒரு சிறு மூலக்கூறு வேண்டும், ஈஸ்ட் அதற்குத் தேர்ந்தெடுத்தது கிளிசராலை. செல் சுருங்கியதை சவ்வில் இருக்கும் உணரிகள் கண்டுகொண்டு ஹாக்1 என்ற புரதத்தை எழுப்பிவிடும், அது சில நிமிடங்களில் உட்கருவுக்குள் போய் கிளிசரால் தயாரிக்கும் ஜீன்களை முடுக்கிவிடும். ஆனால் தயாரித்தால் மட்டும் போதாது. ஈஸ்டின் சவ்வில் எஃப்பிஎஸ்1 என்று ஒரு புரத வழி இருக்கிறது, சாதாரண நேரத்தில் அது திறந்தே இருக்கும், கிளிசரால் அது வழியாக வெளியே கசிந்து போய்க்கொண்டே இருக்கும். அழுத்தம் வந்த உடனே, புது ஜீன் எதுவும் வேலை செய்யத் தொடங்குவதற்கு முன்பே, அந்த வழி அடைபடுகிறது. அதை அடைக்க முடியாதபடி மாற்றிய ஈஸ்டை உப்புத் தண்ணீரில் போட்டால் எவ்வளவு கிளிசரால் தயாரித்தும் வளர முடியாமல் திணறும். எதைச் செய்கிறது என்பதைவிட எதை வெளியே விடாமல் வைத்துக்கொள்கிறது என்பதுதான் இங்கே முக்கியம் என்பேன். போதாததற்கு எஸ்டிஎல்1 என்ற இன்னொரு புரதம் வெளியே கிடக்கும் கிளிசராலை ஒரு புரோட்டானோடு (ஹைட்ரஜன் அயனி) சேர்த்து உள்ளே இழுத்துப் போடும்.

இதற்கெல்லாம் நேரம் ஆகும், செலவும் ஆகும். கிளிசரால் செய்யப் பயன்படும் சர்க்கரை, குளுக்கோஸ் உடையும் பாதையின் நடுவிலேயே பிரிந்து போய்விடுகிறது, அதிலிருந்து கரியமில வாயு வராது. வாயு வராமல் மாவு எப்படி எழும்பும்? நீங்கள் மூடியைத் திறந்து திறந்து பார்த்த அந்த முதல் மணி நேரங்களில் ஈஸ்ட் சும்மா இருக்கவில்லை, கிளிசரால் சேர்த்துக்கொண்டிருந்தது. ஸ்பாஞ்ச் வைத்தால் மாவிலிருக்கும் மால்டோஸ் என்ற சர்க்கரையைத் தின்று தெம்பாகி, எண்ணிக்கையும் கொஞ்சம் கூடின பிறகு சர்க்கரையைச் சந்திக்கும், அதனால் தாமதம் குறையும். புளிப்பு வாடைக்குப் பெரும் காரணம் நேரம் நீண்டதும் உள்ளே வேலை காட்டும் பாக்டீரியா. ஆனால் கிளிசரால் செய்யும்போது செல்லுக்குள் கணக்குச் சரிசெய்ய அசிட்டிக் அமிலமும் கூடுதலாக வரும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேன்பெட்டி

மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பு எங்களுக்கு. மேலே தம்பி சொன்னதைப் படித்ததும் ஒரு சந்தேகம். 200 கிராம் சர்க்கரைக்கே ஈஸ்ட் திணறுகிறதென்றால் தேனில் எப்படி வாழ்கிறது? ரப்பர் தளிர் விடும் பருவத்தில் எடுக்கும் தேன் நீர்ப்பதம் கூடுதலாக இருக்கும், மழை ஈரத்தில் பாத்திரம் சரியாக மூடாமல் விட்டால் மேலே நுரை கட்டி, மூடியைத் திறக்கும்போது புஸ்ஸென்று சத்தம் வரும், வாடையும் மாறிவிடும். வாங்கினவர்கள் சர்க்கரைப்பாகு கலந்துவிட்டதாகச் சண்டைக்கு வருவார்கள். புவிசார் குறியீடு வாங்கின தேனுக்கு இந்த கதி. நான் ஈஸ்ட் எதுவும் போடவில்லையே, அது எங்கிருந்து வந்தது?

குழித்துறையான்

நீங்கள் போட வேண்டியதில்லை அண்ணே, பூவிலும் தேனீயின் உடம்பிலும் கூட்டிலும் அது எப்போதும் உண்டு. ஆனால் அது பேக்கரி ஈஸ்ட் அல்ல, வேறு இனம். சைகோசாக்கரோமைசிஸ் ரூக்ஸி என்ற ஒன்று இதில் பெயர் போனது, சோயா சாஸ் புளிக்கவைப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. பேக்கரி ஈஸ்ட் கிளிசராலைத் தயாரித்துத் தயாரித்து ஒரு பகுதியை வெளியே கசியவிட்டு ஈடுகட்டுகிறது என்றால், இது கசியவிட்டதையும் வெளியிலிருந்து வலுவாகத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும், கூடவே அராபிடால் என்ற இன்னொரு சர்க்கரை ஆல்கஹாலையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். உள்ளே இழுக்கும் பம்பு பலமாக இருப்பதுதான் அதன் பிழைப்பு.

அதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. தேனில் ஈரம் 17 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனை ஈஸ்ட் இருந்தாலும் புளிக்காது, அந்த அளவுக்குக் காய்ந்த தேனில் எவ்வளவு கிளிசரால் சேர்த்தாலும் தண்ணீரை உள்ளே பிடித்துவைக்க முடியாது. 19, 20ஐத் தாண்டினால் கொஞ்சம் ஈஸ்ட் இருந்தாலே போதும். இந்தியாவில் தேனுக்கு விதித்திருக்கும் உச்ச ஈரப்பதமே 20 சதவீதம்தான், நம் ரப்பர் தேன் கூட்டிலிருந்து எடுக்கும்போதே சில சமயம் அதைத் தாண்டி நிற்கும். மெழுகு மூடாத அறைகளை எடுக்காமல் விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். இன்னொன்று கவனியுங்கள், தேன் உறைந்து கட்டி தட்டும்போது குளுக்கோஸ் படிகமாகிக் கீழே போய்விடும், மேலே மிஞ்சுகிற திரவத்தில் தண்ணீர் விகிதம் ஏறிவிடும். முதலில் 18 சதவீதம் இருந்த தேன் உறைந்த பிறகு நுரைப்பது இதனால்தான். கலப்படம் என்று சண்டைக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

தக்கலை அக்காவுக்கும் ஒரு வார்த்தை. பன்னில் சர்க்கரைக்குப் பதில் தேன் ஊற்றினால் ஈஸ்டுக்குச் சுலபம் என்று நினைக்காதீர்கள், தேன் ஏற்கெனவே உடைந்த சர்க்கரை, ஆரம்பத்திலேயே முழு இழுப்போடு நிற்கும்.

பாளைசீவி

நல்ல இழை இது. எங்க தாத்தா பனையேறினவர். அக்கானிக்கு (பதநீர்) கட்டும் கலயத்தில் உள்பக்கம் சுண்ணாம்பு தடவாமல் விட்டால் விடியும்போது கள்ளாகிவிடும், தடவினால் இனிப்பு அப்படியே இருக்கும், அதைக் காய்ச்சித்தான் கருப்பட்டி. (கள் நம்ம பக்கம் இறக்கக் கூடாது, எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலைப் பக்கம் போனால் ஷாப்பில் கிடைக்கும், அதில் ஆப்ப மாவு கரைத்தால் வரும் ருசியே தனி. அது வேறு கதை.) சுண்ணாம்பு ஈஸ்டைக் கொல்கிறதா, இல்லை இதுவும் இந்த உள்ளே வெளியே விவகாரம்தானா?

குழித்துறையான்

பெரும்பாலும் உள்ளே வெளியே விவகாரம்தான் மக்கா. உன் கேள்விதான் இந்த இழையிலேயே எனக்குப் பிடித்தது.

ஈஸ்டின் சவ்வில் பிஎம்ஏ1 என்று ஒரு பம்பு உண்டு. செல் சம்பாதிக்கும் ஏடிபியில், அதாவது அதன் ஆற்றல் நாணயத்தில், பெரும் பங்கை இது ஒன்றே தின்றுவிடும். வேலை என்ன? புரோட்டானை ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டே இருப்பது. அதனால் செல்லைச் சுற்றி வெளியே அமிலமாகவும் உள்ளே நடுநிலையை ஒட்டியும் இருக்கும். வெளியே குவிந்த புரோட்டான் உள்ளே திரும்பி வரத் துடிக்கும். அந்த வேகத்தைத்தான் ஈஸ்ட் மூலதனமாக வைத்திருக்கிறது: மால்டோஸ், அமினோ அமிலங்கள், பாஸ்பேட், மேலே சொன்ன எஸ்டிஎல்1 வழியே கிளிசரால் என்று பலவும் ஒரு புரோட்டானோடு ஒட்டிக்கொண்டுதான் உள்ளே வருகின்றன. குளுக்கோஸுக்கு மட்டும் புரோட்டான் தேவையில்லை, அதற்குத் தனி வாயில்கள் ஒரு டஜனுக்கு மேல் உண்டு.

சுண்ணாம்பு கலந்ததும் அக்கானி காரத்தன்மைக்கு, அதாவது அமிலத்துக்கு நேர் எதிர் நிலைக்கு, மாறிவிடுகிறது. வெளியே புரோட்டானே இல்லை, இருந்த மூலதனம் போச்சு. பனஞ்சாற்றில் சர்க்கரை நிரம்பிக் கிடந்தாலும் அமினோ அமிலமும் பாஸ்பேட்டும் சரியாக உள்ளே வராமல் வளர்ச்சி நின்றுபோகும். இரும்பும் தாமிரமும்கூட காரக் கரைசலில் கரைந்த நிலையில் கிடைப்பது குறையும். சாக்கரோமைசிஸ், அதாவது பேக்கரி ஈஸ்டின் இனம், அமிலத்தில் வாழப் பழகிய உயிர், காரம் அதற்கு ஆகவே ஆகாது. அந்த நிலையிலும் அது முயற்சி செய்யும், இஎன்ஏ1 என்ற சோடியம் பம்பின் அளவைக் கூட்டும், ஏனென்றால் சோடியத்தைப் புரோட்டானோடு மாற்றி வெளியே தள்ளும் வழி காரத்தில் பலிக்காது, நேராக ஏடிபி செலவழித்துத்தான் தள்ள வேண்டும். உப்பு கூடின மாவிலும் இதே பம்புதான் உழைக்கும். கலயத்தில் அதிகமாகத் தடவினால் சுண்ணாம்பு வாடை அடித்துக் கருப்பட்டி கெடும் என்று உன் தாத்தாவே சொல்லியிருப்பார்.

மருந்துக்கடை_களியல்

நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன், எனக்கு வேறு பக்கத்திலிருந்து ஒரு கேள்வி. மனிதருக்குத் தொற்று தரும் கேண்டிடாவும் ஈஸ்ட்தானே? அதற்கான மருந்து ஃபுளூகோனசோல் சிலருக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்தும் கேட்பதில்லை, மருந்தை வெளியே துப்பிவிடும் என்று ஒரு டாக்டர் சொன்னார். அதுவும் இதே மாதிரி பம்பா? அப்புறம், பேக்கரி ரொட்டியில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க கால்சியம் புரோப்பியோனேட் போடுகிறார்களே, அது ஈஸ்டைக் கொல்லாதா?

குழித்துறையான்

பேக்கரி ஈஸ்டிலும் கேண்டிடாவிலும் இதற்கு ஒரே குடும்பத்து பம்புதான். பேக்கரி ஈஸ்டில் பிடிஆர்5 என்று ஒன்று இருக்கிறது, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத எத்தனையோ நச்சுப் பொருள்களை ஏடிபி செலவழித்து வெளியே தள்ளும். கேண்டிடா அல்பிகன்ஸில் அதற்கு இணையானது சிடிஆர்1, ஃபுளூகோனசோலை வெளியேற்றுவதில் அதற்குப் பெரிய பங்கு. மருந்து கேட்காமல் போவதற்கு வேறு காரணங்களும் உண்டு, மருந்து போய் ஒட்ட வேண்டிய நொதியே மாறியிருக்கலாம், அதனால் கேட்காத ஆளுக்குக் கடையிலேயே இன்னொரு அட்டை எடுத்துக் கொடுக்காமல் டாக்டரிடம் அனுப்பிவிடுங்கள்.

புரோப்பியோனேட் கதை சுவாரசியமானது. இந்த மாதிரி வலுக்குறைந்த அமிலங்கள் வெளியே அமிலமாக இருக்கும்போது மின்னேற்றம் இல்லாமல் சவ்வை ஊடுருவி உள்ளே போய்விடும். உள்ளே நடுநிலை என்பதால் அங்கே பிரிந்து, ஒரு புரோட்டானையும் ஒரு எதிரயனியையும் (எதிர்மின்னேற்றம் கொண்ட மீதித் துகள்) விட்டுவிடும், மின்னேற்றம் வந்த பிறகு திரும்பி வெளியே போக முடியாமல் மாட்டிக்கொள்ளும். ஈஸ்ட் இதற்கு இரண்டு பம்புகளை ஓட்டுகிறது, புரோட்டானைத் தள்ள பிஎம்ஏ1, எதிரயனியைத் தள்ள பிடிஆர்12. புரோப்பியோனேட், சோர்பேட், பென்சோயேட் மூன்றும் பிடிஆர்12 வழியே வெளியேறும். சவ்வு வழியாகத் தள்ளியதே மறுபடி உள்ளே வந்தால் மறுபடி தள்ள வேண்டும், இப்படி ஏடிபி கரைந்துகொண்டே இருக்கும். ஆனால் ரொட்டியில் போடும் அளவு புரோப்பியோனேட் பூஞ்சணத்தைத்தான் தடுக்கும், ஈஸ்டை அவ்வளவாகப் பாதிக்காது. சோர்பேட் அப்படி இல்லை, மாவிலேயே கலந்தால் ஈஸ்டையும் படுக்கவைத்துவிடும், அதனால் ஈஸ்ட் ரொட்டியில் அதைப் பொதுவாகச் சேர்ப்பதில்லை.

வினிகர் மட்டும் கொஞ்சம் விசித்திரம். அதிலிருக்கும் அசிட்டிக் அமிலம் ஈஸ்டுக்குள் நுழைய மேலே சொன்ன எஃப்பிஎஸ்1 என்ற கிளிசரால் வழியையே பயன்படுத்துகிறது. ஆர்செனிக்கின் ஒரு வடிவமான ஆர்செனைட்டும் அதே வழியில்தான் வருகிறது. கிளிசராலைக் கசியவிட வைத்திருக்கும் வழியில் விஷமும் நுழைகிறது, எனவே அசிட்டிக் அமிலம் தாக்கும்போது அதே ஹாக்1 வந்து இந்த முறை அந்த வழியை அடைப்பதோடு நிற்காமல் சவ்விலிருந்தே பிய்த்து உள்ளே எடுத்து அழித்துவிட ஏற்பாடு செய்கிறது. ஒரே புரதம், ஒரே காவலாள், ஆனால் சர்க்கரைக்கு ஒரு முடிவு, வினிகருக்கு ஒரு முடிவு.

இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன், என் சொந்த ஆசைக்கு. எல்லா நேரமும் நச்சைத்தான் வெளியே தள்ளும் என்று இல்லை. ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின் என்று பாலிஅமின்கள் உண்டு, டிஎன்ஏ, ஆர்என்ஏவோடு ஒட்டிக்கொள்ளும், எல்லா செல்லுக்கும் தேவையானவை. ஈஸ்டுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுத்துச் சோதித்த 2013ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், டிபிஓ1 என்ற பம்பு வழியே ஈஸ்ட் தன் சொந்த ஸ்பெர்மிடினையும் ஸ்பெர்மினையும் வெளியே அனுப்புவதும், அந்த வெளியேற்றம்தான் செல் பிரிவை எவ்வளவு நேரம் நிறுத்திவைப்பது, பாதுகாப்புப் புரதங்களை எப்போது தயாரிப்பது என்ற நேரக்கணக்கைச் சரியாக வைப்பதும் தெரியவந்தது. நல்ல பொருளையே அளவு பார்த்து வெளியே விட்டால்தான் அடுத்த வேலை ஒழுங்காக நடக்கும் என்கிற இந்த விஷயம் என்னைப் பொறுத்தவரை கிளிசராலைவிட ஆச்சரியம்.

நாரோயில்_மாஸ்டர்

ஆர்செனிக் வரைக்கும் போய்விட்டீர்கள், பன் எங்கே?

தக்கலை_பன்

பன் இதோ இருக்கிறது மாஸ்டர்! உப்பை 10 கிராமாக்கி, தங்க நிறப் பாக்கெட் வாங்கி, ஸ்பாஞ்சும் வைத்தேன். மூன்றையும் ஒன்றாகச் செய்ததால் எது வேலை செய்தது என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் சாயங்காலத்துக்குள் ஆர்டர் முடிந்துவிட்டது, புளிப்பு வாடை துளியும் இல்லை. குழித்துறைத் தம்பிக்கு நன்றி, இந்த எஃப்பிஎஸ்1ஐ மறக்கவே மாட்டேன்.

கடைசியாக ஒன்று. திருவிழா நேரத்தில் ஒரே நாளில் அத்தனையும் பிசைய முடியாது. முந்தின வாரமே பிசைந்து உருட்டி ஃப்ரீசரில் வைத்தால் ஈஸ்ட் பிழைக்குமா? அரைகுறையாகப் பொங்கவிட்டு வைக்கலாமா, இல்லை பிசைந்த உடனே வைக்கலாமா? இன்னொன்று, உலர் ஈஸ்டைச் சாதாரண தண்ணீரில் கரைக்கலாமா என்றும் சொல்லுங்கள்.

குழித்துறையான்

பிசைந்த உடனே வையுங்கள் அக்கா, பொங்கவிட்டு வைக்காதீர்கள். காரணம் டிரெஹலோஸ் என்ற சர்க்கரை. கடையில் வாங்கும் ஈஸ்ட் அதைத் தன் உலர் எடையில் 10 சதவீதத்துக்கு மேலேயே சேர்த்து வைத்திருக்கும், காய்ந்தாலும் உறைந்தாலும் சவ்வும் புரதமும் சிதையாமல் காப்பது பெருமளவு அதுதான். ஏஜிடி1 என்ற புரதம் டிரெஹலோஸைச் சவ்வின் குறுக்கே கடத்துகிறது, சவ்வின் இரண்டு பக்கமும் டிரெஹலோஸ் இருந்தால்தான் பாதுகாப்பு முழுசாகக் கிடைக்கும். பிரச்சினை என்னவென்றால் மாவில் சர்க்கரை கிடைத்துப் புளிக்கத் தொடங்கியதும் ஈஸ்ட் தன் டிரெஹலோஸை உடைத்துச் செலவழித்துவிடும். அந்த நிலையில் ஃப்ரீசரில் வைத்தால் நிறைய செத்துப்போகும். அதனால் தண்ணீரைக் குளிரக் குளிர ஊற்றிப் பிசையுங்கள், சட்டென்று உருட்டி, தட்டையாக அடுக்கி வையுங்கள், உறைவது வேகமாக நடக்கட்டும். இதற்கு ஸ்பாஞ்ச் வேண்டாம், பதிலாக ஈஸ்டை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கொள்ளுங்கள், எப்படியும் ஒரு பங்கு போய்விடும். எஃப்பிஎஸ்1 இல்லாத ஈஸ்ட் உள்ளே கிளிசரால் தங்குவதால் உறைபனியை நன்றாகத் தாங்குகிறது என்று ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள், கடையில் அதெல்லாம் கிடைக்காது.

கரைப்பதைப் பொறுத்தவரை, பெரிய மணியாக இருக்கும் உலர் ஈஸ்டென்றால் 40 டிகிரி அளவு வெதுவெதுப்பான தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். காய்ந்த சவ்வு தண்ணீர் ஏறி ஒழுங்காகும் அந்தச் சில நொடிகளில் தண்ணீர் குளிர்ந்திருந்தால் உள்ளிருக்கும் குளுட்டாதயோன் முதலான சிறு மூலக்கூறுகள் வெளியே கசிந்துவிடும். ஈஸ்டும் பலவீனமாகும், கசிந்த குளுட்டாதயோன் மைதாவின் பசையைத் தளர்த்தி மாவை வழவழ என்று ஆக்கிவிடும். பொடியாக வரும் இன்ஸ்டன்ட் வகையாக இருந்தால் கரைக்கவே வேண்டாம், நேராக மைதாவில் கலந்துவிடுங்கள், ஃப்ரீசர் மாவுக்குக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றும்போது அந்த வகைதான் வசதி.

நாரோயில்_மாஸ்டர்

ஃப்ரீசரிலிருந்து எடுத்த உருண்டையை நேராக வெயிலில் வைக்காதே தங்கச்சி, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்து இளகவிட்டு, காலையில் வெளியே எடுத்துப் பொங்கவிடு. மேலே ஈரத்துணி போட மறக்காதே, தோல் கட்டிவிடும்.